கூடி வாழும் மீன்கள்

திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில், வெள்ளம் வடிந்து நீர் தெளிந்திருக்கும் மார்கழித் திங்களில், முழங்கால் அளவு நீரில் சற்று நேரம் அசையாது நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் புலப்படாது. நீரின் ஒளிக்குக் கண் பழகிய பின்னர், நம்மைச் சூழ ஓர் ஊரே இயங்குவது தெரியவரும். நீர்மட்டத்தை ஒட்டி, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று ஒளிர, சில சிறு மீன்கள் அசைவற்று நிற்கும். அவற்றின் வாய் மேல்நோக்கி அமைந்தது; நீரின்மேல் விழும் பூச்சிகளும் கொசுப் புழுக்களும் அவற்றிற்கு உணவு. அவற்றிற்குக் கீழே, நீரின் நடுவில், சிறு கெண்டைகள் கூட்டங்கூட்டமாகத் திரியும். நம் நிழல் அசைந்தால் கூட்டம் முழுவதும் ஒரு நொடியில் ஒருசேரத் திரும்பும். அடியில், மணலின் நிறமே தன் நிறமாகக் கொண்ட அயிரை, வாயைச் சுற்றியுள்ள மீசைகளால் மணலைத் தடவி இரை தேடும். அஞ்சினால் அம்மணலுக்குள்ளேயே புகுந்து கண்களை மட்டும் வெளியே காட்டும். சித்திரை வீதியினரும் உத்திர வீதியினரும் ஓர் ஊரினரேயாயினும் தத்தம் வீதியில் வாழ்தல் போல, இம்மூவகை மீன்களும் ஒரே நீரில் மூன்று தளங்களில் வாழ்கின்றன. ஒன்றன் உணவை மற்றொன்று பெரும்பாலும் நாடுவதில்லை. ஒன்றன் வழியில் மற்றொன்று நிற்பதுமில்லை.

அதே காவிரியைச் சித்திரைத் திங்களிற் சென்று காண்க. மேட்டூர் அணை அடைபட்டு, ஆறு மணற்பரப்பாகி, ஆங்காங்கே மடுக்கள் மட்டும் எஞ்சியிருக்கும். முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடையே விரும்பிய திசையிற் சென்ற மீன்கள் அம்மடுக்களில் அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏற ஏற நீர் சூடேறும். நீரிற் கரைந்துள்ள உயிர்வளி குறையும். ஓடி ஒளிய இடமின்மையால் சிறியவை பெரியவற்றுக்கு இரையாகும். இறுதியில் எஞ்சுவன, நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரே உட்கொள்ளவல்ல விரால், பனையேறி போன்ற வலிய மீன்களே. மார்கழியில் ஒன்றாய்த் திரிந்தவை சித்திரையில் ஒன்றையொன்று தின்பது ஏன்? மீன்களின் இயல்பு மாறவில்லை, இடம் சுருங்கிற்று.

வீட்டிலும் பள்ளியிலும் நாம் வைக்கும் கண்ணாடித் தொட்டி, காண்பதற்கு ஆற்றில் ஒரு துண்டை வெட்டி வைத்தாற்போலத் தோன்றும். உண்மையில் அஃது ஆறன்று, மடுவே. ஆற்றில் தனக்கு ஒவ்வாத துணையை விட்டு ஒரு மீன் விலகிச் செல்லலாம். தொட்டியில் அதற்கு விலகும் வழியில்லை. அங்கே எந்த மீனுக்கு எந்த மீன் துணை என்பதை முடிவு செய்பவர், கடையில் நின்று விரல் நீட்டும் நாமே.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன்; ஒரு பிழையாற் கற்றேன். யான் தமிழாசிரியனாக இருந்த பள்ளியொன்றுக்கு, மூன்றடி நீளமுள்ள மீன்தொட்டி ஒன்று நன்கொடையாக வந்தது. வகுப்பிற் கயலையும் கெண்டையையும் பற்றி மிகுதியாகப் பேசுபவன் என்பதனாலோ என்னவோ, மீன் வாங்கிவரும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. திருச்சிராப்பள்ளிக் கடைத்தெருவில் யான் செய்தது, துணிக்கடையிற் சேலை தேர்வார் செய்வதே. தங்கமீன் இரண்டு, கடைக்காரர் ஃபைட்டர் எனப் பெயர் கூறிய, நீண்ட நீலத் துடுப்புகளை உடைய சண்டைமீன் ஒன்று, டைகர் பார்ப் எனப்படும் கருவரிக் கெண்டை மூன்று, ஏஞ்சல் எனப்படும், உள்ளங்கையளவு வளர்ந்த அகன்ற மீன் இரண்டு, நீலமும் சிவப்பும் மின்னும் நியான் டெட்ரா என்னும் சிறு மீன் பத்து. நிறத்திற்கு நிறம் பொருந்தியது. மாணவர் கூட்டம் தொட்டியைவிட்டு அகலவில்லை.

மூன்றாம் நாள் சண்டைமீனின் துடுப்புகள் கிழிந்த கொடிபோல் ஆயின. ஐந்தாம் நாள் நியான் மீன்களை எண்ணினோம், ஆறே இருந்தன. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, நான்கு மீன் செத்துப்போயிற்றென்றால், அவற்றின் உடல் எங்கே?" என்றான். என்னிடம் விடையில்லை. அவனே தொட்டியின் மறுபுறம் சென்று உற்று நோக்கி, ஏஞ்சல் மீன்களின் வயிற்றைச் சுட்டிக் காட்டினான். பத்தாம் நாள் தங்கமீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. சண்டைமீன் இறந்து கிடந்தது. உயிரியல் ஆசிரியர் ஒருவரை நாடி, அவர் உதவியால் யான் அறிந்துகொண்டவையே இனிக் கூறுவன.

முதற்கண் நோக்கற்பாலது நீர். நம் இலக்கணநூலார் நிலத்தை ஐந்திணையாக வகுத்து, இன்ன நிலத்திற்கு இன்ன விலங்கு, இன்ன பறவை, இன்ன மரம் என்று கருப்பொருள்களை வரையறுத்தனர். மீனுக்கும் அத்தகைய திணை உண்டு. நியான் டெட்ரா, தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றைச் சார்ந்த காட்டோடைகளில், இலைதழைகளின் சாறு ஊறிய மென்னீரில் வாழ்வது. மோலி, கப்பி போன்றவை சுண்ணச்சத்து மிகுந்த கடினநீரில் தழைப்பன. தங்கமீன், சீன நாட்டினர் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக வளர்த்து உருவாக்கிய இனம். குளிர்ந்த நீரையே விரும்புவது. 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்து நிற்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நீர் சூடேறுந்தோறும் மீனுக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டும். நீரிலோ அது குறைவாக இருக்கும். மேல்நாட்டு நூல்கள் மீன்தொட்டிக்கு வெப்பமூட்டும் கருவி வாங்குக என்று முதற்பக்கத்திலேயே எழுதுகின்றன. அக்கினி நட்சத்திரத்தில் திருச்சிராப்பள்ளியைக் காணாதார் எழுதியவை அவை. நமக்கு வேண்டுவது தொட்டியை வெயில் படாத மூலையில் வைத்து, காற்றுக் குமிழிகளை நீரிற் செலுத்தும் சிறு பொறி ஒன்றை இயக்குவதே.

தம் வீட்டு நீர் எத்தகையது என்பதை அறியப் பெரிய ஆய்வு வேண்டா. சோப்பு எளிதில் நுரைக்காமலும், காய்ச்சும் பாத்திரத்தில் வெண்படலம் படிந்தும் இருப்பின் அது கடினநீர். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொள்ளும் வீடுகள் பலவற்றில் இதனைக் காணலாம். அந்நீரில் மென்னீர் மீனை வளர்க்க முயல்வதைவிட, அந்நீருக்கு ஏற்ற மீனைத் தேர்வதே அறிவுடைமை. குழாய் நீராயின், அதிற் கலந்துள்ள குளோரின் மீனின் செவுளை எரிக்கும். அகன்ற கலத்தில் ஒருநாள் திறந்து வைத்தபின் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வாயின் அளவு. மீனுலகில் வாய்க்குள் அடங்குவது இரை, அடங்காதது அயலார். நியான் நான்கு செண்டிமீட்டருக்கு மேல் வளராது; ஏஞ்சல் பதினைந்து செண்டிமீட்டர் வரை வளரும். இதிற் கொடுமை ஒன்றுமில்லை. யான்தான் இரையையும் உண்பானையும் ஓரிலையில் அமர்த்தினேன். கடையில் இரண்டு விரலளவாகத் தோன்றும் ஆஸ்கார் என்னும் மீன் முப்பது செண்டிமீட்டர் வரை வளரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை உண்ணும் சக்கர் மீன், விரற்கடையளவாக வாங்கப்பட்டு, முழங்கை நீளம் ஆகும். ஆதலின் மீன் வாங்குவோர், இப்போது எவ்வளவு என்று பாராமல், வளர்ந்தால் எவ்வளவு என்று கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, குணம். இதுவே மிக நுண்ணியது. டைகர் பார்ப் பொல்லாத மீன் என்று அன்று யான் எண்ணினேன். அப்படியன்று. அது கூட்டமாக வாழும் இனம். எட்டு, பத்து என ஒருங்கிருந்தால் துரத்தலும் கடித்தலும் தம் கூட்டத்திற்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மூன்றே மூன்றாக அதனை விட்டால், அத்துடிப்பு அயல்மீனின் நீண்ட துடுப்பின்மேற் செல்லும். சண்டைமீனோ இதற்கு நேர்மாறு. ஆணும் ஆணும் ஒரு தொட்டியில் இருத்தல் ஆகாது. தனித்து வாழ்வதே அதற்கு இயல்பு. கூட்டம் வேண்டும் மீனைக் குறைத்தும், தனிமை வேண்டும் மீனைக் கூட்டத்திடையேயும் விட்டது என் பிழை.

குணம் அறியாது சேர்த்தலுக்கு மற்றுமொரு சான்று பின்னர்க் கிடைத்தது. மாணவன் ஒருவன் வயல் வாய்க்காலிற் பிடித்த பனையேறி மீன் ஒன்றை, எவரும் அறியாமல் தொட்டியில் விட்டுச் சென்றான். மறுநாட் காலை அது தொட்டியில் இல்லை. இருபதடிக்கு அப்பால் நடைவழியிற் செருப்புகளிடையே உயிருடன் கிடந்தது. காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பு அதன் தலைக்குள் உண்டு. முள் அமைந்த செவுள் மூடிகளை ஊன்றித் தரையிலும் அது நகரும். காவிரி கடலை அடையும் பகுதியில் உள்ள தரங்கம்பாடியில், டேனிஷ் வணிகக் குழுவைச் சார்ந்த டால்டார்ஃப் என்பவர், 1791-ஆம் ஆண்டில் இம்மீன் பனைமரத்தில் நீர்மட்டத்திற்கு ஐந்தடி மேலே ஏறியிருக்கக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797-இல் இலண்டனில் வெளிவந்தது. மரம் ஏறுமா என்பதைப் பின்வந்த அறிஞர் பலர் ஐயுற்றனர். மூடியில்லாத தொட்டியிலிருந்து ஏறும் என்பதற்கு யானே சான்று.

எனினும், இன்னதற்கு இன்னது நண்பன், இன்னதற்கு இன்னது பகைவன் என்று பட்டியல் எழுதி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணற்க. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆற்று முகங்களிலும் உப்பங்கழிகளிலும் ஒரே குடும்பத்தைச் சார்ந்த மீன்கள் இரண்டு வாழ்கின்றன. ஒன்று, மலையாள நாட்டார் கரிமீன் எனப் போற்றும் பெரிய மீன். மற்றொன்று, மஞ்சள் நிறமும் விலாவிற் கரும்புள்ளியும் உடைய, எட்டு செண்டிமீட்டர் அளவேயான சிறு மீன். பெரிய மீனின் உடலில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்ப் பூச்சிகளையும் நோயுற்ற தசைத்துணுக்குகளையும் சிறிய மீன் கொத்தித் தூய்மை செய்கிறது. பெரியது அதற்கு இடங்கொடுத்து அசையாது நிற்கிறது. 1972-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனை விளக்கியது. இத்துணை நட்புடைய அச்சிறு மீனே, பெரிய மீன் முட்டையிட்ட காலத்தில், அம்முட்டைகளையும் குஞ்சுகளையும் களவாடித் தின்னவும் செய்கிறது! பெரியதும் அக்காலத்தில் அதனைத் துரத்துகிறது. ஒரே இரு மீன்கள் பருவத்திற்கேற்ப மருத்துவனும் நோயாளியும் ஆகின்றன. கள்வனும் காவலனும் ஆகின்றன. மனிதர் வகுக்கும் நட்பு, பகை என்னும் சொற்கள் இவற்றிற்கு எத்துணைப் பொருந்தும் என்று யான் பலகால் எண்ணியதுண்டு. இப்படிப்பட்ட இணைக்கு முட்டையிடும் பருவத்தில் விலகியிருக்க இடம் வேண்டும்; மூன்றடித் தொட்டியில் அது கிடையாது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அத்தொட்டியை மீண்டும் அமைத்தோம். அம்மா மண்டபத்திற் கண்ட மூன்று தளங்களையே சிறிய அளவிற் படைப்பது எங்கள் கருத்து. 90 செண்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 38 உயரமும் உடைய அத்தொட்டியின் கொள்ளளவு நூறு லிட்டருக்குச் சற்று மிகுதி என்பதை மாணவர்களே கணக்கிட்டனர். மணலும், மேலே விட்ட வெற்றிடமும் போக, நீர் ஏறத்தாழ 90 லிட்டர். லிட்டருக்கு ஒரு செண்டிமீட்டர் நீளமுள்ள மீன் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் ஒரு கணக்கு. சிறு மீன்களுக்கே அது பொருந்தும். ஐந்து செண்டிமீட்டர் மீன் ஒன்பதும், 45 செண்டிமீட்டர் விரால் ஒன்றும் சமம் என்று கொள்வார் இலர்.

மேற்றளத்திற்கு வெள்ளிப் பொட்டு மீன் நான்கு. நடுவிற்கு, உடலில் இரண்டு கரும்புள்ளிகளை உடைய சிறு கெண்டை எட்டு. அடியில் அயிரை ஆறு. ஆகப் பதினெட்டு மீன்கள். ஒவ்வொன்றும் ஐந்து செண்டிமீட்டர் அளவின. யாவும் காவிரி மீன்கள். யாவும் ஒரே வகை நீருக்கும் ஒரே வெயிலுக்கும் பழகியவை. அயிரை புகுந்து ஒளிதற்கென, கூர்ங்கற்களை நீக்கி ஆற்று மணலையே சலித்துக் கழுவிப் பரப்பினோம். கூரிய சரளை அதன் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும். வேலம்பாசியை ஒரு பக்கம் அடர நட்டோம். வெள்ளிப் பொட்டு மீன் துள்ளும் இயல்பினது ஆதலின், வலைக்கம்பியால் மூடி ஒன்றும் செய்வித்தோம்.

ஆனால் நீர் நிரப்பிய அன்றே மீன்களை விடவில்லை. மாணவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. அது நஞ்சு. ஆற்றில் ஓட்டம் அதனைக் கொண்டுபோகும். தொட்டியில், மணலிலும் இலைகளிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவ்விருவகை நுண்ணுயிர்களும் வேண்டும் அளவு பெருகுவதற்கு ஒரு மாதம் அளவாகும். கண்ணுக்குத் தெரியாத இக்குடிகள் வருமுன் மீன்களை விட்டதும், எங்கள் முதல் தொட்டி அழிந்ததற்கு ஒரு காரணம். அன்று தங்கமீன்கள் வாய் பிளந்தது வெப்பத்தால் மட்டுமன்று. ஆதலின் ஒரு மாதம், நாடோறும் ஒரு சிட்டிகை உணவை மட்டும் வெறும் நீரில் இட்டு வந்தோம். காண வந்தோர் நகைத்தனர். பின்னர்க் கெண்டை நான்கு; இரு வாரம் கழித்து எஞ்சிய நான்கு; அதன்பின் அயிரை; இறுதியாக மேற்றளத்து மீன்கள். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றும் பணியை ஏழாம் வகுப்பார் ஏற்றுக்கொண்டனர்.

இனி, முதல் தொட்டியில் எஞ்சிய மீன்கள். பழைய நீரிலேயே, அண்டா ஒன்றில், டைகர் பார்ப் மூன்றும் ஏஞ்சல் இரண்டும் தங்கமீன் ஒன்றும் இருந்தன. மாணவன் ஒருவன் வீட்டிலிருந்து கொணர்ந்த, முழநீளம் வளர்ந்துவிட்ட சக்கர் மீனும் அவற்றோடு சேர்ந்தது. "கொள்ளிடத்தில் விட்டுவிடுவோம், ஐயா, உயிரைக் காத்த புண்ணியம் உண்டு" என்றார் பள்ளிக் காவலர். நல்லெண்ணத்தில் எழுந்த சொல் அது. உண்மையைக் கூறின், யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

ஆயின், ஆற்றில் விடும் மீன் ஓர் உயிர் மட்டுமன்று. ஒரு குலத்தின் வித்து. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா, நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என வழங்குவது, உணவுக்கென 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதாலும், ஆண்டிற் பலமுறை ஈனுவதாலும், அது விரைந்து பெருகிற்று. 1959-இலேயே அதனைப் பரப்புதல் வேண்டா என்று மீன்துறை அறிஞர் தடுத்தனர். அதற்குள் அது நீர்நிலைகளிற் குடிகொண்டுவிட்டது. இன்று நம் ஏரியிலும் குளத்திலும் வலை வீசினால் அது அகப்படாத நாள் அரிது. நாட்டுக் கெண்டைகள் அதனோடு உணவுக்கும் முட்டையிடும் இடத்திற்கும் போராட வேண்டியுள்ளது. சக்கர் மீனும் தமிழ்நாட்டின் நீர்நிலைகள் சிலவற்றில் இப்போது பெருகி வருகிறது. வீட்டுத்தொட்டிக்குப் பெரிதாகிவிட்டதென யாரோ இரக்கத்தோடு விட்டவற்றின் வழிவந்தவை அவை. கவசம் போன்ற அதன் தோல் மீனவர் வலையைக் கிழிக்கும். அதனை உண்பாரும் இலர். ஒருவர் புண்ணியம் கருதி விட்ட மீன், மற்றொருவர் வலையைக் கிழித்து அவர்தம் அன்றாடப் பிழைப்பைக் கெடுக்கிறது.

இதனை யான் கூறியபோது காவலர் உடனே ஒப்பவில்லை. "அப்படியானால் இதைக் கொல்லச் சொல்கிறீர்களா, ஐயா?" என்று வினவினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மீன் கடைக்காரரிடம் எடுத்துச் சென்றோம். டைகர் பார்ப்பையும் ஏஞ்சலையும் பணம் தராமல் பெற்றுக்கொண்டார். தங்கமீன், பெரிய வீடொன்றின் முற்றத்தில் நிழலில் இருந்த கல்தொட்டிக்குச் சென்றது. சக்கர் மீனை வாங்குவார் எவருமில்லை. பள்ளித் தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று நீரின்றிக் கிடந்தது. காவலரே அதனைக் கழுவி, விரிசலைப் பூசி, நீர் நிரப்பி, அம்மீனைத் தனியே அதில் விட்டார். அடுப்பங்கரையில் வீணாகும் கீரைத்தண்டும் பூசணித் துண்டும் அதற்கு உணவாயின. அது எத்தனை ஆண்டு வாழும் என்று கேட்டார். பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும் என்றேன். அவர் சற்று நேரம் பேசாது நின்றுவிட்டு, தொட்டிக்கு மூடி செய்யத் தச்சரைக் கேட்கச் சென்றார்.